கிளட்ச் வழுக்குகிறதா? காசு கொடுக்குமுன் காரைச் சோதியுங்கள்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் என்று பேசிப் பழகிய இந்த மேடையில் மோட்டார் காரின் கிளட்ச்சைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்ற கேள்வி உங்களில் சிலர் முகத்தில் தெரிகிறது. நாம் பேசப்போவதும் சம்பள விஷயந்தான். 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் ஒரு பெரும் பங்கை ஒரே பிற்பகலில், “கிளட்ச் போய்விட்டது, எல்லாம் மாற்ற வேண்டும்” என்ற ஒரு வாக்கியத்துக்காகப் பட்டறை மேசையில் எண்ணி வைத்துவிட்டு வருகிறோம். உண்மையாகவே போயிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். போகாத கிளட்ச்சுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

நம் லயங்களின் முன்னால் நிற்கும் கார்களைப் பாருங்கள். 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. 1994 முதல் 2009 வரை தயாரான பெரோடுவா கஞ்சில், தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கிறது. பலவற்றில் கையால் கியர் மாற்ற வேண்டும். பட்டணத்துக்காரருக்கு அது பழைய இரும்பு. நமக்கோ, நடு இரவில் வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், பள்ளிப் பிள்ளைகளை மழையில் நனையாமல் இறக்கிவிடுவதும் அதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் இதே நிலைமைதான். அந்த வண்டி மேட்டில் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கிளட்ச் என்பது என்ன? ரப்பர் ஷீட் உருட்டும் கைமெஷினை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உறைந்த பாலை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்துப் பிடியைச் சுற்றினால், உருளைகள் அதைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். உருளைகளைத் தளர்த்தி வைத்துவிட்டால் அவை சுற்றிக்கொண்டே இருக்கும். ஷீட் மட்டும் நின்ற இடத்தில் நின்று வழுக்கும். காரிலும் அதே கதைதான். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற கனத்த சக்கரம் ஒன்று உண்டு. அதற்குப் பிளைவீல் என்று பெயர். அதன் மேல் பிரஷர் பிளேட் என்ற தட்டு, வலுவான ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிளட்ச் தட்டு அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நடுத்தட்டுத்தான் எஞ்சினின் பலத்தைக் கியர் பெட்டிக்குக் கொண்டுபோகிறது. நாம் மிதியை அழுத்தும்போது பிடி விடுகிறது. காலை எடுத்தால் பிடி விழுகிறது. ஆகவே காலை எடுத்த நிலையில்தான் கிளட்ச் முழுப் பிடியில் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்தால் மற்றவை தானாக விளங்கும்.

பிடி போதாமல் தட்டு நழுவினால் அதுவே வழுக்கல். அதன் முதல் அடையாளம் காதுக்குத்தான் தெரியும். மேட்டில் ஏறும்போது எண்ணெய் மிதியை அழுத்துகிறோம். எஞ்சின் ‘உய்ங்’ என்று சத்தத்தை ஏற்றுகிறது. வண்டியின் வேகமோ ஏறவில்லை. ஆரம்பத்தில் இது பெரிய கியரில், நான்கைந்து பேர் ஏறியிருக்கும்போது, மேட்டில்தான் தெரியும். சிறிய கியரில் வண்டி லேசாக முன்னே போய்விடுவதால் எஞ்சினின் முழு இழுவை தட்டின் மேல் நெடுநேரம் நிற்பதில்லை. பெரிய கியரில் அப்படியல்ல. “முதல் கியரில் நன்றாகத்தானே கிளம்புகிறது” என்று சொல்லி மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வழுக்கலைப் போலத் தோன்றும் வேறு கோளாறுகளும் உண்டு. எஞ்சின் சத்தமும் ஏறாமல் வேகமும் ஏறாமல் வண்டி திணறினால் குற்றம் கிளட்ச்சில் இல்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், பெட்ரோல் சரியாக வராமல் இருக்கலாம், பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். செம்மண் சேற்றில் சத்தம் ஏறி வண்டி நகராவிட்டால் இறங்கி டயரைப் பாருங்கள். டயரே சுற்றுகிறதென்றால் கிளட்ச் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. கியர் போடும்போது ‘கரகர’வென்று அரைத்தால், அது வழுக்கலுக்கு நேர் எதிரான நோய்: பிடி விடவேண்டிய நேரத்தில் விடவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பட்டறையில் சொன்னால், அவர்களும் குழம்புவார்கள், நம் பையும் இளைக்கும்.

சரி, சோதிப்பது எப்படி?

வண்டி நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். வாகனம் வராத, நேரான, லேசான மேட்டுச் சாலை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கடைசிக் கியரிலோ அதற்கு முந்தியதிலோ, மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் போய்க்கொண்டிருக்கும்போது எண்ணெய் மிதியை ஒரே சீராக முழுக்க அழுத்துங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. சத்தம் மட்டும் முன்னால் ஓடி, வேகமுள் பின்தங்கினால் வழுக்குகிறது. உடனே காலை எடுத்துவிடுங்கள். பழைய கார்கள் பலவற்றில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் கிடையாது. பாதகமில்லை, காது போதும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வேகமுள்ளைப் பார்க்கச் சொல்லலாம். உங்கள் கண் சாலையில் இருக்கட்டும்.

நிற்கவைத்துச் செய்யும் சோதனையும் ஒன்று உண்டு. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஆளில்லாமல் பார்த்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, எஞ்சினைச் சற்றே உயர்த்திக்கொண்டு மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். நல்ல கிளட்ச் எஞ்சினை அப்போதே நிறுத்திவிடும். எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் தட்டு உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் விடக்கூடாது, திரும்பத் திரும்பச் செய்யவும் கூடாது. கைப்பிரேக் பலமில்லாத வண்டியில் இதைத் தொடவே வேண்டாம். எங்கள் அபிப்பிராயத்தில் சாலைச் சோதனையே மேலானது. நிற்கவைத்துச் செய்வது மிகவும் கெட்டுப்போன கிளட்ச்சைத்தான் காட்டிக்கொடுக்கும். சாலையோ நோயை ஆரம்பத்திலேயே சொல்லிவிடும்.

வழுக்குவது உறுதியாகிவிட்டது. இப்போதுதான் பட்டறைக்காரர் கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்பார். இறக்குவதற்கு முன் காசில்லாமல் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று இவ்வளவு தூரம் வந்து பேசுவது அதற்காகத்தான்.

கிளட்ச் மிதியைக் காலால் அல்ல, கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் மிதி எதிர்ப்பில்லாமல் சும்மா இறங்கும். பிறகுதான் ஸ்பிரிங்கின் பலம் கையில் முட்டும். அந்தச் சும்மா இறங்கும் தூரத்தைப் பட்டறைக்காரர்கள் பிரீ பிளே என்பார்கள். மிதியின் வெற்றாட்டம் என்று நாம் வைத்துக்கொள்வோம். கேபிளால் இழுக்கும் பழைய கார்களில் அது பெரும்பாலும் அரை அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடைப்பட்டு இருக்கும். சரியான அளவு அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கிறது. பழைய சாகாவிலும் கஞ்சிலிலும் கிளட்ச்சை இழுப்பது கேபிள்தான்.

வெற்றாட்டம் குறைவதற்கும் வழுக்கலுக்கும் என்ன சம்பந்தம்? கிளட்ச் தட்டு தேயத் தேய, பிரஷர் பிளேட் பிளைவீலை நோக்கி நெருங்குகிறது. அப்போது அதன் ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்ப்பக்கமாக வெளியே வருகின்றன. அந்த விரல்களை அழுத்துவதற்காக எதிரே இருக்கும் ரிலீஸ் பேரிங்குக்கும் விரல்களுக்கும் நடுவே இருந்த சிறு இடைவெளி சுருங்குகிறது. மிதியின் வெற்றாட்டமும் கூடவே சுருங்குகிறது. ஒருநாள் அது ஒன்றுமில்லாமல் போய்விடும். அதன்பின் நாம் மிதியில் கால் வைக்காமலே, யாரோ எப்போதும் லேசாகக் கால் வைத்து ஓட்டுவது போல ஆகிவிடுகிறது. தட்டில் இன்னும் உயிர் இருக்கும். கேபிள் அதைப் பிடிக்க விடாது.

இங்கேதான் நம் ஆட்கள் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். வழுக்குகிறது என்றவுடன், ‘கேபிள் தளர்ந்துவிட்டது, இறுக்கு’ என்று சாவியை எடுக்கிறார்கள். பெல்ட் வழுக்கினால் இறுக்குகிறோம் அல்லவா, அந்தப் பழக்கம். தோழர்களே, கிளட்ச் கேபிள் தளர்ந்தால் வழுக்காது, கியர்தான் அரைக்கும். கேபிள் இறுகியிருந்தால்தான் வழுக்கும். வழுக்கும் கிளட்ச்சின் கேபிளை இன்னும் இறுக்குகிறவர், பட்டையோடு நிற்கவேண்டிய கத்தியை மரத்துக்குள் இறக்குகிறவரைப் போன்றவர். ஆகவே கேபிளைத் தளர்த்த வேண்டும். சில கார்களில் சரிசெய்யும் நட் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் இருக்கும். சிலவற்றில் கேபிளின் மறுமுனையில், கியர் பெட்டிப் பக்கம் இருக்கும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மிதியை அளந்து பாருங்கள். தானே சரிசெய்துகொள்ளும் கேபிள் உள்ள கார்களில் கை வைக்காதீர்கள்; அதன் பொறி சிக்கியிருக்கிறதா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் பார்த்த ஒரு பழைய சாகா இதற்கு உதாரணம். வண்டிக்காரர் வெட்டுத் தொழிலாளி. பட்டணத்துப் பட்டறை ஒன்றில் கிளட்ச் முழுவதும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கப் புறப்பட்டவரைத் தோட்டத்துக் கிராணி ஒருவர் நிறுத்தி, மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தார். வெற்றாட்டம் துளிகூட இல்லை. நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்தபின் அதே மேட்டில் வண்டி ஒழுங்காக ஏறியது. செலவு, கையைக் கழுவிய சவர்க்காரம். எல்லாக் கார்களுக்கும் இப்படி நல்ல காலம் வாய்க்காது. வெற்றாட்டமில்லாமல் நெடுநாள் ஓட்டியிருந்தால், நன்றாக இருந்த தட்டும் அந்த வழுக்கலிலேயே எரிந்து தேய்ந்திருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடக் கூடாது என்பது அதனால்தான்.

கேபிளின் உறைக்குள் துரு ஏறியோ இழை பிரிந்தோ இருந்தால், அது உள்ளே போகும். திரும்பி வராமல் சிக்கும். மிதியை அழுத்தி விடும்போது சுறுக்கென்று மேலே வருகிறதா, சோம்பலாக வருகிறதா என்று பாருங்கள். கேபிள் மாற்றுவது சிறிய வேலை. கியர் பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

எண்ணெயால் இயங்கும் கிளட்ச் உள்ள கார்களுக்கு ஒரு வார்த்தை. கிண்ணத்தில் எண்ணெய் குறைந்தால் வழுக்கும் என்பது தவறான நம்பிக்கை. குறைந்தால் பிடி விடாது, கியர் அரைக்கும். ஆனால் குழாய் உள்ளே வீங்கியோ, மேல் சிலிண்டரின் சிறு துவாரம் அடைத்தோ எண்ணெய் திரும்பி வராவிட்டால் வழுக்கும், அதிலும் சூடானபின். அடுத்த முறை வழுக்கும்போது கீழ்ச் சிலிண்டரின் காற்று நிப்பிளைத் திறந்து பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அழுத்தம் பீறிட்டு வெளியேறி, கிளட்ச் பிடித்துக்கொண்டால், குற்றம் குழாயிலோ சிலிண்டரிலோதான், தட்டில் இல்லை.

வெற்றாட்டம் சரியாக இருந்தும் வழுக்கினால்? அல்லது நட்டில் திருப்ப மரையே மீதமில்லாமல் போனால்? அப்போது தட்டு தேய்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கும் முன்னால் எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தின் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினின் பின்பக்க சீல் போனாலும், கியர் பெட்டியின் முன்பக்க சீல் போனாலும் எண்ணெய் தட்டின் மேல் தெறிக்கும். கியர் எண்ணெய்க்குக் கந்தகம் கலந்த ஒரு காட்டமான வாடை உண்டு. மூக்கே பிரித்துச் சொல்லிவிடும். எண்ணெய் ஊறிய தட்டைப் பெட்ரோலால் கழுவி மாட்டுவது வீண் வேலை. சூடானதும் ஊறியது வெளியே வரும். சீலை மாற்றாமல் தட்டை மட்டும் மாற்றுவது ஒழுகும் கூரையின் கீழ்ப் புதுப் பாய் விரிப்பதுதான்.

மாற்ற வேண்டியதானால் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. ஒரு பேரிங்கை மிச்சம்பிடித்து ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டாம். பிளைவீலின் முகத்தை நேரில் பாருங்கள். நீலப் புள்ளிகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. கடைச்சல் பிடிக்கவோ மாற்றவோ வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆணித்தலைகள் வரைக்கும் தேய்ந்த தட்டு ஒன்றும் பேசாமலே சாட்சி சொல்லும். கனம் குறையாத தட்டும் சாட்சி சொல்லும், ஆனால் வேறு மாதிரி.

பில்லில் பாகம் தனியாக, கூலி தனியாக எழுதச் சொல்லுங்கள். இதில் கிராணிமார்கள் துணைக்கு வரலாம். ஏமாற்றம் நடந்து பேசித் தீராவிட்டால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் பில் இல்லாமல் அங்கே போய் என்ன பேசுவது?

லயத்தில் கார் பழுதுபார்க்கும் இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய கிளட்ச் தட்டுகளில் கல்நார் சேர்த்துச் செய்தார்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்து நோயாக வரும். வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சின்னப் பிள்ளைகளை அருகில் நிறுத்தாதீர்கள்.

வழியில் வழுக்க ஆரம்பித்துவிட்டால் எப்படி வீடு வந்து சேர்வது? எண்ணெய் மிதியை லேசாக, முட்டையை மிதிப்பது போல மிதியுங்கள். மேடு வருவதற்கு முன்பே சிறிய கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எரிந்த வாடை அடித்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். முன்னால் போகும் லோரியை முந்த மட்டும் நினைக்காதீர்கள். எதிர்வண்டி தெரிந்தவுடன் எஞ்சின் கத்தும், வண்டி போகாது. உயிர் போகும் இடம் அதுதான்.

கிளட்ச்சைக் கெடுக்கும் பழக்கங்கள் நம்மிடமும் உண்டு. ஓட்டும்போது இடது காலை மிதியின் மேலேயே வைத்திருப்பது ஒன்று. மேட்டில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் பாதிக் கிளட்ச்சில் வண்டியைத் தாங்குவது இன்னொன்று. பார்க்கச் சாமர்த்தியமாக இருக்கும், தட்டுக்கு அது அடுப்பு. தோட்டத்துக் குழி ரோட்டில் இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டு விட்டுப் பிடிப்பதைவிட, முதல் கியரில் காலை முழுதும் எடுத்துவிட்டு ஊர்ந்து போவது நல்லது.

பேச்சு போதும். வெளியே நம் தோழர்களின் கார்கள் ஏழெட்டு நிற்கின்றன. ஓர் அடிக்கோல் கொண்டு வந்திருக்கிறோம். வண்டிக்காரர்கள் எஞ்சினை நிறுத்திக் கதவைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு மிதியாகக் கையால் அழுத்தி அளந்து பார்ப்போம். கிராணி ஐயா ஒருவர் காரின் எண்ணையும் அளவையும் எழுதிக்கொண்டால், மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெளிச்சம் போவதற்குள் வாருங்கள்.